"த்ரீ, டூ, த்ரீ": பல்லைத் தாங்கி நிற்பவற்றை வீட்டிலேயே கவனிப்பது எப்படி

பல் மருந்தகத்தில் நாற்காலியில் சாய்ந்திருக்கும்போது, மெல்லிய கம்பி ஒன்றை ஈறோரமாக நகர்த்திக்கொண்டே யாராவது எண்களைச் சொல்லக் கேட்டிருப்பீர்கள். "த்ரீ, டூ, த்ரீ. த்ரீ, த்ரீ, ஃபோர்." பக்கத்தில் உதவியாளர் அதைக் கணினியில் தட்டிக்கொண்டிருப்பார். அந்த எண்களைச் சொல்வதுதான் என் வேலையில் பாதி. சிங்கப்பூரின் நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்து முடித்து, வாய்நலச் சிகிச்சையாளராக வேலைக்குச் சேர்ந்து 17 ஆண்டுகள் ஆகின்றன. இத்தனை ஆண்டுகளில் "அது என்ன நம்பர்?" என்று திருப்பிக் கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் ஒருவர் என் அம்மா.

9 ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது. அம்மாவுக்கு அப்போது 61 வயது. கடைவாய்ப் பற்களில் எல்லாம் சீராகப் போய்க்கொண்டிருந்தது. கீழ் முன்பற்களுக்கு வந்ததும் என் குரல் எனக்கே மாறிக் கேட்டது. "சிக்ஸ், ஃபைவ், செவன்." அன்று இரவு ஈசூன் வீட்டில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார்: "ஏம்மா, மத்த பல்லுக்கெல்லாம் த்ரீ த்ரீன்னு சொன்ன. இங்க வந்ததும் செவன்ன. அது பாஸா, ஃபெயிலா?"

ஈறு நோய் வலிக்காது. சொத்தை என்றால் இரவு தூங்கவிடாமல் ஆளை எழுப்பி உட்காரவைத்துவிடும். ஈறும் எலும்பும் போவது பல ஆண்டுகள் சத்தமில்லாமல் நடக்கும். பல் ஆடும்போதுதான் பலர் என்னிடம் வருகிறார்கள். அதற்குள் பாதி எலும்பு போயிருக்கும். அதனால்தான் அன்றிரவு அம்மாவுக்குச் சொன்னதை, அவர் என்னிடம் திருப்பிக் கேட்ட கேள்விகளோடு சேர்த்து, இங்கே எழுதுகிறேன்.

பல் எப்படி நிற்கிறது

சுவரில் ஆணி அடித்ததுபோல் பல் எலும்பில் இறுகியிருக்கிறது என்றுதான் அம்மாவும் நினைத்திருந்தார். தூளியை நினைத்துக்கொள்ளுங்கள் என்றேன். நாங்கள் நான்கு பேரும் பழைய மூவறை வீட்டின் கூடத்தில் அம்மாவின் பருத்திச் சேலையில் ஆடி வளர்ந்தவர்கள். குழந்தையின் கனம் கீழ்நோக்கி அழுத்துகிறது. ஆனால் மேலே கொக்கிக்குப் போய்ச் சேர்வது இழுப்பு. பல்லும் அப்படித்தான் எலும்புக்குழிக்குள் தொங்குகிறது. வேருக்கும் எலும்புக்கும் நடுவில் ஓர் இடைவெளி உண்டு. 0.15 முதல் 0.38 மில்லிமீட்டர் வரை இருக்கும். எழுதும் தாள் இரண்டு மூன்றை அடுக்கினால் வரும் கனம், அவ்வளவுதான். அந்த இடைவெளி முழுக்க ஆயிரக்கணக்கான நார்கள், ஒரு முனை வேரிலும் மறு முனை எலும்பிலும் பதிந்து கிடக்கின்றன. பெரியோடான்டல் லிகமென்ட் என்பது அதன் மருத்துவப் பெயர். நான் நோயாளிகளிடம் "பல்நார்" என்று சொல்வேன், உடனே புரிந்துவிடும்.

நார்களில் பெரும்பாலானவை சாய்வாக ஓடுபவை. எலும்பில் மேலாகவும் வேரில் அதைவிடத் தாழ்வாகவும் பிடித்திருக்கும். முறுக்கைக் கடிக்கிறீர்கள். பல் குழிக்குள் மிகச் சிறிதளவு அமுங்குகிறது. சாய்ந்த நார்கள் விறைக்கின்றன. எலும்புக்கு அது இழுப்பாகப் போய்ச் சேர்கிறது. குழியின் எலும்பு இழுப்பைத் தாங்கும், அதில் வளரவும் செய்யும். விடாமல் நசுக்கினால் கரையும். பல்லுக்குக் கம்பி போடுகிறார்களே, பல் நகர்வது இந்த ஒரே காரணத்தால்தான். தள்ளப்படும் பக்கத்தில் எலும்பு கரைகிறது, விட்டுவந்த பக்கத்தில் புதிதாகப் படிகிறது. நார் இல்லையென்றால் எந்தக் கம்பியாலும் ஒரு பல்லை ஒரு மில்லிமீட்டர்கூட நகர்த்த முடியாது.

நாருக்கு இன்னொரு வேலை உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். சோற்றில் சின்னக் கல் ஒன்று அகப்பட்டால் கடித்த கணமே தாடை தானாக விலகுகிறதே, நீங்கள் யோசித்தா விலக்குகிறீர்கள்? பல்லில் நரம்பு எடுத்து வேர்ச் சிகிச்சை செய்தவர்களுக்கும் இது நடக்கும். காரணம், அந்த உணர்வின் பெரும்பகுதி பல்லுக்குள் இல்லை, நாரில் இருக்கிறது. அழுத்தம் எந்தப் பக்கமிருந்து எவ்வளவு வருகிறது என்று நாரின் நரம்பு முனைகள் மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. பல் போன இடத்தில் இம்பிளான்ட் என்ற திருகாணிப் பல் வைக்க வருபவர்களிடம் இதைத் தவறாமல் சொல்லிவிடுவேன். திருகாணி எலும்போடு நேராக ஒட்டிக்கொள்ளும். நடுவில் நார் கிடையாது. மென்று சாப்பிடலாம், ஆனால் கல் கடிபடுவது முன்போல் தெரியாது. இருக்கும் பல்லைக் காப்பாற்ற நான் இவ்வளவு மெனக்கெடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நாரின் முனைகள் எலும்பில் பதியும் பகுதிக்கு ஷார்ப்பி நார்கள் என்று பெயர். 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஸ்காட்லாந்து உடற்கூற்றியல் அறிஞர் வில்லியம் ஷார்ப்பியின் பெயர் அது. வேர்ப்பக்கம் அவை பதிவது சிமென்டம் என்ற மெல்லிய பூச்சில். கழுத்துப் பக்கம் முடியளவு கனம்கூட இருக்காது, வேர் நுனியில் கொஞ்சம் தடிப்பாக இருக்கும். அதில் ரத்தக்குழாய் கிடையாது.

எலும்பைப் பற்றி ஒன்று மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தாடையில் பல்லைச் சுற்றியுள்ள அந்தப் பகுதி பல்லுக்காகவே வளர்ந்தது. பல் போனால் அதுவும் சுருங்கத் தொடங்கிவிடும். பல் எடுத்த இடத்தில் முதல் ஆண்டிலேயே அகலம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடும். "போன வருஷம் செஞ்ச பல்செட்டு இப்பவே லூசா இருக்கே" என்று பெரியவர்கள் வருத்தப்படுவது பெரும்பாலும் இதனால்தான்.

எல்லாவற்றுக்கும் மேல் மூடியாக இருப்பது ஈறு. பல்லோரத்தில் ஈறு சும்மா சாய்ந்திருக்கும் இடத்தில் ஒரு சிறு பள்ளம் உண்டு, சட்டைப் பையின் வாய்போல. ஆரோக்கியமான வாயில் அதன் ஆழம் 1 முதல் 3 மில்லிமீட்டர். பள்ளத்தின் அடியில் ஈறு பல்லோடு ஒட்டியிருக்கும். அந்த ஒட்டு சுமார் 2 மில்லிமீட்டர். அதற்குக் கீழே எலும்பின் விளிம்பு. நான் "த்ரீ" என்று சொல்வது அந்தப் பள்ளத்தின் ஆழத்தை. பள்ளத்தின் அடியில் சேரும் கிருமிக்கும் உங்கள் எலும்புக்கும் இடையே 2 மில்லிமீட்டர்தான். இதைச் சொன்னபோது அம்மா வெங்காயத்தை வைத்துவிட்டு விரலால் அளந்து பார்த்தார்.

வீட்டில் பார்க்கும் முறை

உங்களுடையதைப் பார்ப்பதைவிட வீட்டுப் பெரியவர்களுடையதைப் பார்ப்பது சுலபம். நாற்காலியைச் சன்னலோரம் போட்டு உட்காரவையுங்கள். நீங்கள் பின்னால் நின்றுகொண்டு, அவர்கள் தலையை உங்கள் வயிற்றில் சாய்த்துக்கொள்ளுங்கள். முன்னால் நின்று எட்டிப் பார்த்தால் உங்கள் நிழலே மறைக்கும். கையைக் கழுவி, கைபேசி விளக்கைப் போட்டு, சுட்டுவிரலால் உதட்டை மெல்ல ஒதுக்குங்கள். பல்செட் போட்டிருந்தால் கழற்றிவிடச் சொல்லுங்கள்.

முதலில் நிறம். நம்மில் நிறையப் பேருக்கு ஈறு பழுப்பாகவோ, திட்டுத் திட்டாகக் கருப்பாகவோ இருக்கும். அது தோலின் நிறம்போல மெலனின், நோய் கிடையாது. ஆங்கிலப் புத்தகப் படங்களில் இருக்கும் ரோஜா நிற ஈறைப் பார்த்துவிட்டு, பிள்ளையின் கருத்த ஈறுக்கு மருந்து கேட்டு வரும் அம்மாக்களை ஒவ்வொரு பள்ளி விடுமுறையிலும் பார்க்கிறேன். மருந்து வேண்டாம். சிறு வயதிலிருந்தே அப்படி இருந்தால் கவலையே வேண்டாம். புதிதாக ஓரிடத்தில் மட்டும் கருப்போ வெள்ளையோ சிவப்போ தோன்றி இரண்டு வாரத்தில் போகவில்லை என்றால் மட்டும் காட்டுங்கள். வெற்றிலை பாக்கு போட்ட பழக்கம் உள்ளவர்களுக்கு இதில் தாமதமே கூடாது.

நம் ஈறில் சிவப்பு சட்டென்று தெரியாது. ஆகவே நிறத்தை விட்டுவிட்டு வடிவத்தைப் பாருங்கள். இரண்டு பற்களுக்கு நடுவே ஈறு ஒரு முக்கோணமாக ஏறியிருக்கும். அதன் நுனி கூராக, ஓரம் மெல்லிசாக, பல்லோடு படிந்திருந்தால் நல்லது. நுனி உருண்டு, ஓரம் தடித்து, ஈரத்தில் பளபளத்தால் வீக்கம். நல்ல ஈறைக் கைக்குட்டையால் ஒற்றிவிட்டுப் பார்த்தால் ஆரஞ்சுத் தோல்போலச் சின்னச் சின்னப் புள்ளிக்குழிகள் தெரியும். வீங்கினால் அது மறைந்து வழுவழுப்பாகிவிடும். சிலருக்கு இயல்பாகவே புள்ளி இருக்காது, ஆகவே முன்பு இருந்து இப்போது இல்லை என்றால்தான் கணக்கு. முக்கோணம் காணாமல்போய், பல்லிடுக்கில் கருப்பாக ஓட்டை தெரிந்தால் அங்கே எலும்பு இறங்கியிருக்கிறது.

அடுத்து, கீழ் முன்பற்களின் உட்பக்கம், நாக்கைத் தூக்கச் சொல்லிவிட்டு. நாக்கின் அடியில் எச்சில் சுரப்பியின் குழாய் அங்கேதான் திறக்கிறது. எச்சிலில் உள்ள தாது உப்பு பல்லின் மேல் படியும் கிருமிப் படலத்தில் இறங்கி அதைக் காரையாக்கிவிடும். மேல் கடைவாய்ப் பல்லின் கன்னப்பக்கமும் அப்படித்தான். இந்த இரண்டு இடத்தில் மஞ்சளாகவோ பழுப்பாகவோ சுண்ணாம்பு பூசியதுபோல் இருந்தால், அதைத் தேய்த்து எடுக்க முடியாது. ஊசி, ஊக்கு எதையும் கொண்டு சுரண்டாதீர்கள்.

பிறகு ஆட்டம். விரலால் பிடித்து ஆட்டிப் பார்க்காதீர்கள். விரல் நுனியின் மென்மையே ஆட்டம்போல் தோன்றும். தினம் ஆட்டிப் பார்த்தால் நாருக்கும் கேடு. அதற்குப் பதில், மேல் முன்பற்களில் ஈறும் பல்லும் சேருமிடத்தில் விரல் நுனியை வைத்துக்கொண்டு, வாயை மூடி மூடிப் பல்லைத் தட்டச் சொல்லுங்கள். ஏதாவது ஒரு பல் மட்டும் விரலில் அதிர்ந்தால் குறித்துக்கொள்ளுங்கள். முன்பற்களில் புதிதாகச் சந்து விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இருபது ஆண்டுகளுக்கு முந்தைய கல்யாணப் புகைப்படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தால் அந்தச் சந்து பளிச்சென்று தெரிந்துவிடும். அம்மாவுக்கு நான் அப்படித்தான் கண்டுபிடித்தேன், என் அக்காவின் திருமணப் படத்தில்.

ரத்தம் வருகிற இடத்தை விட்டுவிடாதீர்கள்

அம்மாவிடம் அன்று நான் கேட்ட முதல் கேள்வி, "பல்லு தேய்க்கும்போது ரத்தம் வருமா?" அவர் சொன்ன பதிலை வாரத்தில் ஐந்து நாளும் யாராவது ஒருவர் என்னிடம் சொல்கிறார்: "வரும். அதனால அந்த எடத்த மட்டும் விட்டுட்டுத் தேய்ப்பேன்."

புண்ணைத் தொடாமல் விட்டால் ஆறும் என்பது உடம்பின் மற்ற இடத்துக்குச் சரி. ஈறில் அது தலைகீழ். ரத்தம் வருவது நீங்கள் குத்திவிட்டதால் இல்லை. அங்கே படலம் தங்கி, ஈறின் உள்தோல் மெலிந்து, ரத்தக்குழாய்கள் விரிந்திருப்பதால். விட்டுவிட்டால் படலம் கூடும், ரத்தமும் கூடும்.

இதை நிரூபித்த ஆய்வு ஒன்றை வகுப்பில் முதன்முதலில் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது. 1965இல் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் ஹரால்ட் லோவும் அவருடைய குழுவினரும் நல்ல ஈறுள்ள 12 பேரைப் பல் தேய்ப்பதை நிறுத்தச் சொன்னார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் 12 பேருக்கும் ஈறு அழற்சி வந்துவிட்டது. திரும்பத் தேய்க்கச் சொன்னார்கள். ஏறக்குறைய ஒரு வாரத்தில் எல்லாருக்கும் சரியாகிவிட்டது. வேறு மருந்து எதுவும் இல்லை. ஆகவே உங்களுக்கு நான் சொல்வது: ரத்தம் வரும் இடத்தில், மென்மையாக, ஒரு நாளும் தவறாமல் தேய்த்துக்கொண்டே வாருங்கள். முதல் மூன்று நான்கு நாள் கூடுதலாகக்கூட வரும். இரண்டு வாரத்துக்குப் பிறகும் நிற்கவில்லை என்றால், பள்ளம் உங்கள் பிரஷ் எட்டாத ஆழத்துக்குப் போயிருக்கிறது. அப்போது மருந்தகத்துக்கு வாருங்கள்.

தேய்க்கும் முறையில் ஒரே ஒரு மாற்றம்தான் கேட்கிறேன். பிரஷைப் பல்லின் நடுவில் நேராக வைக்காமல், பாதி பல்லிலும் பாதி ஈறிலுமாக, ஈறை நோக்கி 45 பாகை சாய்த்து வையுங்கள். அமெரிக்க மருத்துவர் சார்ல்ஸ் பாஸின் முறை இது. அந்தச் சாய்வில்தான் தூரிகையின் நுனி பள்ளத்துக்குள் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு நுழையும். இடத்தை விட்டு நகர்த்தாமல் அங்கேயே நடுங்குவதுபோல் பத்துத் தடவை அசைத்துவிட்டு, அடுத்த இரண்டு பல்லுக்குப் போங்கள். மென்மையான தூரிகை போதும். அம்மா முதலில் கடினமானதைத்தான் வாங்குவார், அது நன்றாகச் சுரண்டும் என்று. அப்படிச் சுரண்டியதில் அவருடைய மேல் கோரைப்பல்லில் ஈறு தேய்ந்து வேர் மஞ்சளாக வெளியே தெரிந்தது. அந்த ஈறு தானாக ஏறி வராது.

பிரஷ் பல்லின் இடுக்குக்குள் போகாது. ஈறு நோய் தொடங்குவதோ பெரும்பாலும் அந்த இடுக்கில்தான். பல் நெருங்கியிருக்கும் இளையவர்களுக்கு ஃபிளாஸ் நூல். முக்கோணம் இறங்கியவர்களுக்கு நூல் பயன்படாது, பல்லிடுக்கு பிரஷ் வேண்டும், புட்டி கழுவும் பிரஷைச் சுண்டுவிரல் அளவுக்குச் சிறிதாக்கியதுபோல் இருக்குமே அது. அளவுதான் முக்கியம். கம்பி பல்லில் உரசாமல் போகவேண்டும், தூரிகை இரண்டு பக்கமும் லேசாகத் தொட்டுக்கொண்டு போகவேண்டும். காற்றில் ஆடுவதுபோல் போனால் சின்னது, தள்ளித் திணிக்க வேண்டியிருந்தால் பெரியது. ஒரே வாயில் இரண்டு மூன்று அளவு தேவைப்படும். அடுத்த முறை சுத்தம் செய்யப் போகும்போது, எந்த இடுக்குக்கு எந்த அளவு என்று கேட்டு, கண்ணாடியைக் கையில் வாங்கி அங்கேயே செய்து காட்டிவிட்டு வாருங்கள். இரவு, படுக்குமுன், ஒரு நாளைக்கு ஒரு தடவை போதும்.

எண்களைக் கேட்டு வாங்குவது

ஒவ்வொரு பல்லுக்கும் ஆறு இடத்தில் அளப்போம், வெளிப்பக்கம் மூன்று, உட்பக்கம் மூன்று. கம்பியை அழுத்தும் விசை 20 முதல் 25 கிராம் எடைதான். மாணவியாக இருந்தபோது கம்பி முனையைக் கட்டைவிரல் நகத்துக்கடியில் வைத்து, வலிக்காத அளவு எது என்று பழகினோம். ஆகவே அளக்கும்போது சுளீரென்று வலித்தால் அந்த இடத்தில் அழற்சி இருக்க வாய்ப்பு அதிகம். சொல்லுங்கள், பொறுத்துக்கொள்ள வேண்டாம்.

1, 2, 3 என்றால் நல்லது. 4 என்றால் கவனம். வீட்டில் செய்வதைத் திருத்தினாலும், அங்கே சுத்தம் செய்தாலும் இறங்கிவிடக்கூடும். 5, 6 அல்லது அதற்கு மேல் என்றால் அது பை. அடியில் காற்று எட்டாது, உங்கள் கருவி எதுவும் எட்டாது, காற்றில்லாத இடத்தில் வாழும் கிருமிகளுக்கு அது வசதி. எண்ணோடு "பிளீடிங்" என்று சொல்கிறார்களா என்றும் கேளுங்கள். ரத்தம் வராத 4ஐவிட ரத்தம் வரும் 4 எனக்குக் கவலை தருவது.

இதில் ஓர் ஏமாற்று உண்டு. ஈறு கீழே இறங்கிவிட்டவர்களுக்குப் பள்ளம் 3 என்றே இருக்கும். அதைக் கேட்டுவிட்டு நிம்மதியாகப் போய்விடுவார்கள். பல்லின் கழுத்திலிருந்து ஈறு 4 மில்லிமீட்டர் இறங்கியிருந்தால், 4ஐயும் 3ஐயும் கூட்டி, 7 மில்லிமீட்டர் பிடிமானம் போயிருக்கிறது என்று கணக்கு. ஆகவே "ஆழம் எவ்வளவு" என்பதோடு "ஈறு எவ்வளவு இறங்கியிருக்கு" என்றும் கேளுங்கள். "நாலுக்கு மேல எத்தனை எடம்?" "எக்ஸ்ரேயில எலும்பு எவ்வளவு இருக்கு?" "போன தடவைக்கும் இப்பவும் என்ன மாற்றம்?" இந்த மூன்றையும் எழுதித் தரச் சொல்லுங்கள். மருந்தகம் மாறினால் அந்தத் தாள் கூடவே போகட்டும். ஒரு தடவை எடுத்த அளவைவிட இரண்டு அளவுகளுக்கு நடுவே உள்ள வித்தியாசம்தான் நோய் ஓடுகிறதா நிற்கிறதா என்று சொல்லும்.

செலவுக்குப் பயந்து தள்ளிப்போடும் பெரியவர்கள் நிறையப் பேர். நீல நிற, ஆரஞ்சு நிற சாஸ் அட்டை (அரசாங்கத்தின் மருத்துவ மானிய அட்டை) வைத்திருப்பவர்களுக்கும், முன்னோடித் தலைமுறை, மெர்டேக்கா தலைமுறை என்ற மூத்தோர் பிரிவுகளில் உள்ளவர்களுக்கும் திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் பல் மருந்தகங்களில் சில பல் சிகிச்சைகளுக்கு மானியம் உண்டு. பலதுறை மருந்தகங்கள் (பாலிகிளினிக்) பலவற்றிலும் பல் பிரிவு இருக்கிறது. முன்பதிவு செய்யும்போதே அட்டையைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள்.

"கிளீன் பண்ணா பல்லு ஆடும்"

அம்மாவும் இதைத்தான் சொன்னார். தேக்கா சந்தையில் அவருக்குத் தெரிந்த ஒரு அக்கா பல் சுத்தம் செய்தபிறகு சந்து சந்தாகிவிட்டது என்றாராம். அந்த அக்கா பொய் சொல்லவில்லை. காரை பற்களுக்கு நடுவே சிமெண்டுபோல் நிரம்பி, ஆடும் பற்களைச் சேர்த்துக் கட்டியிருந்திருக்கும். எடுத்ததும், முன்பே போயிருந்த எலும்பின் இடம் வெளியே தெரிகிறது. வீக்கம் வடிந்ததும் ஈறு இறுகி இன்னும் கொஞ்சம் இறங்கிக்கொள்ளும். பல் கூசும். சில வாரம் பொறுத்தால் பெரும்பாலும் கூச்சம் குறையும். ஆனால் காரையை அப்படியே விட்டிருந்தால் அதற்கடியில் எலும்பு கரைவது நின்றிருக்காது.

"எங்க தாத்தா வேப்பங்குச்சியில தேய்ச்சு தொண்ணூறு வயசு வரைக்கும் கரும்பு கடிச்சார்" என்றும் கேட்பேன். அதையும் நம்புகிறேன். அதே ஹரால்ட் லோவும் குழுவினரும் 1970 முதல் இலங்கையின் இரண்டு தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். பல் மருத்துவ வசதியோ பல் தேய்க்கும் பழக்கமோ இல்லாத தமிழ்த் தொழிலாளர்கள். எல்லார் பல்லிலும் காரை, எல்லாருக்கும் ஈறு அழற்சி. ஆனாலும் 8 விழுக்காட்டினருக்கு வேகமாக எலும்பு போனது, 81 விழுக்காட்டினருக்கு மெதுவாகப் போனது, 11 விழுக்காட்டினருக்கு ஈறு அழற்சியோடு நின்றுவிட்டது. நம் மக்களின் வாயிலிருந்து உலகம் கற்றுக்கொண்ட பாடம் இது. 1986இல் அந்த முடிவு வெளிவந்தது. தாத்தா அந்த 11இல் ஒருவராக இருந்திருக்கலாம். நீங்கள் எதில் என்று வாயைப் பார்த்து யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அளந்து அளந்துதான் தெரியும்.

வேகத்தைக் கூட்டுபவை இரண்டு நிச்சயமாகத் தெரியும்: இனிப்புநீர் (நீரிழிவு), புகை. 2018இல் வெளியான ஈறு நோய்களின் உலக வகைப்பாட்டில், எச்பிஏ1சி (சில மாதச் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் அளவு) 7 அல்லது அதற்கு மேல் உள்ள இனிப்புநீர் நோயாளிகளையும் ஒரு நாளைக்கு 10 சிகரெட்டோ அதற்கு மேலோ பிடிப்பவர்களையும் வேகமாகப் போகக்கூடியவர்கள் வரிசையில் வைத்திருக்கிறார்கள். புகையில் இன்னொரு ஆபத்து, அது ஈறின் ரத்தக்குழாய்களைச் சுருக்கி ரத்தம் வருவதையே மறைத்துவிடும். புகைப்பவருக்கு ரத்தம் வரவில்லை என்பதை நல்ல சேதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இனிப்புநீர் இரண்டு பக்கமும் வெட்டும். சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், ஈறு அழற்சி இருந்தால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது கடினமாகும். ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின், நிஃபெடிபின் சாப்பிடும் சிலருக்கு ஈறு தடித்து வளரும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், இரண்டு மருத்துவரிடமும் சொல்லுங்கள். கர்ப்பிணிகளுக்கு இயக்குநீர் (ஹார்மோன்) மாற்றத்தால் ஈறு வீங்கி ரத்தம் வருவது சாதாரணம். அந்த நேரத்திலும் பல் சுத்தம் செய்துகொள்ளலாம்.

பல் விழுந்துவிட்டால்

என் தங்கை மகனுக்கு 11 வயதில் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே கூடைப்பந்து ஆடும்போது முழங்கை பட்டு மேல் முன்பல் வேரோடு வந்துவிட்டது. தங்கை பதறிப்போய் அந்தப் பல்லை வெள்ளை வெளேரென்று பிரஷ் போட்டுத் தேய்த்து, டிஷ்யூவில் சுற்றி எடுத்துவந்தாள். இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. பிள்ளை மேல் உள்ள பாசத்தில்தான் தேய்த்தாள். ஆனால் தேய்த்துப் போனது அழுக்கில்லை, வேரில் ஒட்டியிருந்த நார். நாரின் உயிரணு சாகாமல் இருந்தால்தான் பல் திரும்பப் பழையபடி தொங்கும். அது செத்துவிட்டதால் பல்லும் எலும்பும் நேராக ஒட்டிக்கொண்டன. எலும்பு தன் இயல்புப்படி வேரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருக்கிறது.

ஆகவே பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டில் இதை எல்லாருக்கும் சொல்லிவையுங்கள். நிரந்தரப் பல் என்றால், வேரைத் தொடாமல் வெள்ளைப் பகுதியைப் பிடித்து எடுங்கள். மண் ஒட்டியிருந்தால் பாலில், இல்லையென்றால் ஓடும் தண்ணீரில், சில விநாடி மட்டும் அலசுங்கள். தேய்க்கவோ துடைக்கவோ வேண்டாம். முடிந்தால் அங்கேயே, சரியான பக்கம் பார்த்துக் குழிக்குள் வைத்து, கைக்குட்டையை மெல்லக் கடிக்கச் சொல்லுங்கள். பயமாக இருந்தால் கீழே கடையில் ஒரு பொட்டலம் பால் வாங்கி அதில் போட்டுக்கொண்டு உடனே பல் மருத்துவரிடம் ஓடுங்கள். தண்ணீரில் ஊறவைக்காதீர்கள், அதில் உயிரணு வெடித்துவிடும். அரை மணி நேரத்துக்குள் என்றால் நம்பிக்கை அதிகம், ஒரு மணி நேரம் கடந்தால் வெகுவாகக் குறைந்துவிடும். பால்பல்லைத் திரும்ப வைக்கக்கூடாது, கீழே வளரும் பல்லுக்கு அடிபடும்.

அம்மாவின் கீழ் முன்பற்களுக்கு மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்கடியில் வேரைச் சுத்தம் செய்தோம், இரண்டு தடவையாக. போன எலும்பு வராது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். ஈறு மீண்டும் வேரைப் பிடித்துக்கொள்ள வாரங்கள் ஆகும் என்பதால் மூன்று மாதம் கழித்து அளந்தேன். 6, 5, 7 இருந்த இடத்தில் 4, 3, 4. பெரும்பாலும் வீக்கம் வடிந்ததாலும், ஒட்டு இறுகியதாலும் வந்த மாற்றம் அது. அதன்பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்துவிடுவார். இப்போது அவருக்கு 70.

போன மாதமும் வந்தார். நான் அளந்துகொண்டே போனேன். "த்ரீ, டூ, த்ரீ. த்ரீ, த்ரீ, த்ரீ. த்ரீ, ஃபைவ்…" அம்மா கையைத் தூக்கி என்னை நிறுத்தினார். நான் கம்பியை எடுத்ததும் வாயைத் துடைத்துக்கொண்டு, "அஞ்சு எந்தப் பல்லு, காட்டு" என்றார். கண்ணாடியைக் கொடுத்தேன். மேல் வலது கடைவாய், உட்பக்கம். பையிலிருந்து பல்லிடுக்கு பிரஷை எடுத்தார், ரோஸ் நிறம். "அந்த எடத்துக்கு இது சின்னதும்மா" என்று சொல்லி, இரண்டு அளவு பெரியதை அவர் கையில் வைத்தேன்.